முதலாளிக்கு ஒரு மாப்பிள்ளை விசாரணை

வாலாஜாபாத்,
1986 ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

நாக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் சகல சௌகரியங்களோடும் கூடவே ஒரு பிடிவாதத்தோடும் வாழ்ந்துவரும் அன்புள்ள சித்தப்பா கோதண்டராமன் அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகள் லீலா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, நான், பலராமன் மாமா மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் இருக்கிறது, அதைக் கீழே எழுதியிருக்கிறேன். சித்தியின் மூட்டுவலிக்கு அங்கே நல்லெண்ணெய் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் எழுதவும், அனுப்பி வைக்கிறேன். பணிவு இத்தோடு முடிந்தது.

உங்கள் இன்லண்ட் லெட்டர் நேற்று வந்தது. "கட்டின பொண்டாட்டியே நம்பாத முதலாளியை நாம் எதற்கு நம்ப வேண்டும்? இந்த ஜென்மத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று எழுதி, "இந்த ஜென்மத்தில்" என்பதன் கீழே ரெண்டு கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். சித்தப்பா, நீங்கள் தீர்ப்பு எழுதியது பாதிக் கதையைப் படித்துவிட்டு. அம்மா போஸ்ட் கார்டில் எழுதினாங்க. அம்மாவோட எழுத்து எவ்வளவு பெரிசுன்னு உங்களுக்கே தெரியும். முதல் பாதி எழுதறதுக்குள்ள கார்டு தீர்ந்துபோச்சு. அதையே முழுக்கதைன்னு நெனச்சுக்கிட்டு நீங்க அங்கே ஸ்கேல் வெச்சுக் கோடு போடறீங்க.

முழுக்கதையை நான் எழுதுகிறேன். நான் கேட்டது என்ன? ஒரகடம் ரோட்டில் இருந்த நம் மானாவாரி நிலத்தை அப்பா இருக்கும்போதே நரசிம்மன் ஸ்பிரிங்ஸ் கம்பெனிக்கு விற்றார். அந்தப் பணம் என் கல்யாணத்துக்கென்று பாங்கில் இருக்கிறது. உங்கள் கையெழுத்தும் என் கையெழுத்தும் சேர்ந்தால்தான் வெளியே வரும். இப்போது அதே கம்பெனி பொதுமக்களுக்கு ஷேர் விற்கிறது. கடைசித் தேதி இந்த மாசக் கடைசி. நாம் கடலை போட்ட இடத்தில் இன்று லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிறார்கள். நிலத்தைக் கொடுத்தவர்கள் நாம், அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்றேன். இது தப்பா? என் வயசுப் பெண்கள் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் சினிமா நடிகர் படம் ஒட்டியிருப்பார்கள். நான் அந்தக் கம்பெனி முதலாளி, எம்.டி. நரசிம்மன் அவர்கள் படத்தை ஒட்டியிருக்கிறேன், ஷேர் விளம்பரத்திலிருந்து வெட்டினது. வாலாஜாபாத்தில் லாரிக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவர், இன்று கோட்டு போட்டுக்கொண்டு பேப்பரில் நிற்கிறார். வேறு யார் படத்தை ஒட்டுவது?

பத்தாவதோடு நின்றவளுக்கு ஷேரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். ரைஸ்மில்காரர் வீட்டில் படித்துப் போட்ட இங்கிலீஷ் வியாபாரப் பேப்பரை வாங்கிவந்து, டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் பொருள் பார்த்துப் படித்தவள் நான். டிவிடெண்ட் என்றால் என்ன, போனஸ் ஷேர் என்றால் என்ன, எல்லாம் தெரியும். வேண்டுமானால் லெட்டரிலேயே பரீட்சை வையுங்கள். ஆனால் அந்தப் பேப்பரும் நீங்களும் ஒரே விஷயத்தைச் சொன்னீர்கள்: ஷேர் வாங்குவதற்கு முன்னால் கம்பெனியை நடத்துகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டும். "முதலாளியை விசாரித்து எழுது" என்று நீங்கள்தான் எழுதினீர்கள். ஒரு பெண் எங்கே போய் விசாரிக்கப்போகிறாள், தானாக அடங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டீர்கள். நான் அடங்கவில்லை, விசாரித்தேன். அதனால் நடந்த அத்தனைக்கும் நீங்கள்தான் மூலகாரணம் என்பதை இங்கேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

எப்படி விசாரிப்பது என்று அந்தப் பேப்பர் எழுதவில்லை. அதனால் பலராமன் மாமாவிடம் போனேன். நெல் மண்டியில் எடை போடுகிற நேரம் போக மாமாவுக்கு இன்னொரு வேலை இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், மாப்பிள்ளை ஊருக்குப் போய் ஓசைப்படாமல் விசாரித்துவிட்டு வருவது மாமாதான். முடி வெட்டுகிறவர், துணி தேய்க்கிறவர், டீக்கடை, பழைய வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று ஒரு சுற்று சுற்றிவந்தால், மாப்பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்பதுவரைக்கும் சொல்லிவிடுவார்.

"மாமா, இது மாப்பிள்ளை இல்ல, கம்பெனி" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மே. நம்ம சொத்த ஒருத்தன் கைல குடுக்கப் போறோம். குடிச்சு அழிப்பானா, வெச்சுக் காப்பாத்துவானா? அத்த தெரிஞ்சுக்கினா போதும். கம்பெனின்னா இன்னா, கொம்பா மொளச்சுக்கீது?"

சித்தப்பா, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், இதில் ஒரு வார்த்தை தப்பா? எனக்கு அந்த நிமிஷமே மாமாவை மெட்ராஸ் ஷேர் மார்க்கெட்டுக்கே அனுப்பலாம் போலிருந்தது.

முதல் விசாரணை, நரசிம்மன் சாருக்குப் பழைய நாளிலிருந்து முடி வெட்டுகிற சுப்பன் கடையில். மாமா நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். சுப்பன் சொன்னது: "தங்கமான மன்சன்பா. கத்தி வெச்சா கல்லு மாதிரி குந்தினு இருப்பாரு. ஒரு தபா காதுல கீறிட்டேன், 'பரவால்லடா சுப்பா, நடக்கறதுதான்'னாரு. ஆனா தலைக்கு மை பூசறாரு, அத்த யார்கிட்டயும் சொல்லாத." மாமா வந்து என்னிடம், "நிதானம் நூத்துக்கு நூறு. வயசுல மட்டும் கொஞ்சம் மறைக்கறாரு" என்று ரிப்போர்ட் கொடுத்தார். பாலன்ஸ் ஷீட்டில் இதெல்லாம் வருமா?

அடுத்து ஜாதகம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மாமா கேட்கவில்லை. நரசிம்மன் சாரின் ஜாதகம் கிடைக்கவில்லை என்பதற்காக, ஷேர் விண்ணப்பத்தில் போட்டிருந்த கம்பெனி பதிவான தேதியை எடுத்துக்கொண்டு, பிறந்த நேரத்துக்கு ஆபீஸ் திறக்கிற நேரத்தைப் போட்டு, என் ஜாதகத்தோடு சுப்பிரமணி ஜோசியரிடம் பொருத்தம் பார்க்கக் கொடுத்துவிட்டார். கம்பெனி என்று ஜோசியரிடம் சொல்லவில்லை. ஜோசியர் கட்டம் போட்டு, கணக்குப் பார்த்து, ஏழு பொருத்தம் இருக்கிறது, ராஜயோகம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வயசைக் கூட்டிப் பார்த்ததும் பஞ்சாங்கத்தை மூடிவிட்டாராம்.

"யோவ் பலராமா! பையனுக்குப் பதினோரு வயசுதான்யா ஆவுது! பொண்ணுக்கு இருபத்தி ரெண்டு! இன்னா கூத்து இது, போலீசுக்குச் சொல்லட்டுமா?"

"வளர்ற பையன் சாமி" என்று சொல்லிவிட்டு மாமா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்துவிட்டார். செருப்பு இன்னும் ஜோசியர் வீட்டில்தான் இருக்கிறது. இருந்தாலும் ஏழு பொருத்தம், ராஜயோகம் என்று அவர் வாயால் சொன்னது சொன்னதுதானே?

மூன்றாவது இடத்தில்தான் சனி பிடித்தது. நரசிம்மன் சார் முன்பு குடியிருந்த தெருவில் கனகம் என்று ஒரு அம்மா இருக்கிறார். வீட்டு வாசலில் இட்லிக்கடை. மாமா நாலு இட்லி வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டிருக்கிறார்: பழக்கவழக்கம் எப்படி, கை நீளமா, சொந்தக்காரர்களோடு ஒத்துப்போவாரா? எல்லாம் நல்லபடியாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் கனகம் அம்மா, "இவ்ளோ கேக்கறியே, யாருக்குப்பா விசாரிக்கற?" என்றிருக்கிறார். முப்பது கல்யாணத்துக்கு விசாரணை போன வாய் சித்தப்பா, நிறுத்தவா தெரியும்? "நம்ம அக்கா பொண்ணு லீலாவுக்குத்தாங்க, வாலாஜாபாத்து" என்று மாமா சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நரசிம்மன் சாருக்குக் கல்யாணமாகிக் காலேஜ் போகிற பிள்ளைகள் இருப்பது தனக்கும் தெரியும், கனகம் அம்மாவுக்கும் தெரியும் என்பது மாமாவுக்கு உறைத்தபோது நாலாவது இட்லி முடிந்துவிட்டதாம்.

"அப்பவே திருத்திச் சொல்லியிருக்கலாம்ல மாமா?" என்று எல்லாம் நடந்து முடிந்தபிறகு கேட்டேன்.

"எங்கம்மே? தொண்டைல இட்லி. அந்தம்மா சட்னிகூட ஊத்தாம உள்ள பூட்சு."

உள்ளே போனவர் பின்வாசல் வழியாக எங்கே போனார் என்பது அடுத்த கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் தெரிந்தது. நரசிம்மன் சார் கிருத்திகை தவறாமல் அங்கே வருவார் என்று கேள்விப்பட்டு, தலைவரை நேரில் பார்த்து மதிப்பிட நானும் அம்மாவும் போயிருந்தோம். பார்த்தேன் சித்தப்பா! கார் வைத்திருக்கிறவர், தர்மதரிசன வரிசையில் நிற்கிறார். முன்னால் இருந்த கிழவர் தடுமாறினபோது கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார். எனக்குப் புல்லரித்துப்போய்விட்டது. அவர் பக்கத்தில் அவர் மனைவி சுந்தராம்பாள் அம்மா. இரண்டு பெண்கள் அவங்க காதில் ஏதோ சொல்லி என்னைக் காட்டினார்கள். அதில் ஒருத்தர் இட்லிக்கடை கனகம் அம்மா என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தம்மா திரும்பி என்னைப் பார்த்தாங்க. ஷேர் வாங்கப்போகிறவள் என்று யாரோ அறிமுகம் செய்துவைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் மரியாதையாக, பல்லெல்லாம் தெரிகிறமாதிரி, சிரித்தேன். கையெடுத்துக் கும்பிட்டு "ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா" என்று வேறு சொன்னேன்.

மறுநாள் காலையில் நம் வீட்டு வாசலில் அம்பாசடர் கார் வந்து நின்றது. இனிமேல்தான் அம்மாவின் போஸ்ட் கார்டு ஆரம்பிக்கிறது.

"யார்ரி இங்க லீலா? ஆசீர்வாதமா வேணும் உனுக்கு? ஆசீர்வாதம்?" என்று கேட்டுக்கொண்டே சுந்தராம்பாள் அம்மா உள்ளே வந்தாங்க. தெருவே வாசலில். மாமா கொல்லைப்புறம் கிணற்றடியில். அம்மா பயத்தில், "வாங்க, மோர் சாப்புடறீங்களா?" என்றாங்க.

"மோரா? என் குடும்பத்துல கொள்ளி வெச்சுட்டு மோரா? இன்னாத்தக் கண்டுட்டு இந்தாளுக்கு ரெண்டாந்தாரமா வரப் பாக்கற? காரப் பாத்தா? அந்தக் காரே பாங்க்காரனுது! மூணு பாங்க்ல கடன் வாங்கி வெச்சுக்கீறாரு. ஃபாக்டரின்னு பெரிசா நெனச்சுக்கினியா? ரெண்டு பெரிய மிஷின் வந்து குந்திக்கினு கீது, ஓட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன் கெடையாது. யார் வந்து பல்லக் காட்டினாலும் செரின்னுடுவாரு, இல்லன்னு சொல்ற வாயே அந்தாளுக்குக் கெடையாது. இரும்பு வாங்கறதுக்கு யாரப் போட்டுக்கீறாரு தெரியுமா? என் தம்பிய! என் கூடப் பொறந்தவன்தான், நானே சொல்றேன், அவனுக்கு இரும்புக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது! போதாததுக்கு சர்க்கர வியாதி. ராத்திரில கொறட்ட. இந்தாளக் கட்டிக்கினு இன்னாத்த வாழப் போற?"

அம்மாவின் கார்டு இங்கே தீர்ந்துவிட்டது. ஆனால் சுந்தராம்பாள் அம்மா தீரவில்லை. அவங்க மூச்சு வாங்கிய இடைவெளியில் அம்மா அழாத குறையாகச் சொன்னாங்க: "இன்னாம்மா பேசற? எம்பொண்ணு உங்க கம்பெனி ஷேர் வாங்கப் போறாளாம். அதுக்கு என் தம்பி விசாரிச்சான்."

"ஷேரா?"

"ஷேருதான்."

"அவரு இல்லியா?"

"அவரு எங்களுக்கு எதுக்குமா?"

சுந்தராம்பாள் அம்மா அப்படியே பாயில் உட்கார்ந்தாங்க. அந்த மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாங்க. அப்புறம் சிரித்தாங்க பாருங்க, வாசலில் நின்ற தெருவும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஷேருன்னு மொதல்லியே சொல்றதில்லியா? வாங்கு கண்ணு, தாராளமா வாங்கு. நல்ல கம்பெனி" என்றாங்க.

நான் அங்கேயே விட்டேனா? விடவில்லை. நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது பங்குதாரரின் உரிமை என்று பேப்பரில் படித்திருக்கிறேன்.

"ரெண்டு மிஷின் ஓடலன்னீங்களேம்மா?"

"புது மிஷினுமா! புதுசுன்னா பழக நாளாவாதா?"

"மூணு பாங்க்ல கடன்?"

"நம்பித்தான குடுக்கறான்? உனக்குக் குடுப்பானா?"

"எல்லாருக்கும் சரி சொல்லிடுவார்னீங்களே?"

"அது நல்ல மனசுமா."

"உங்க தம்பி?"

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாங்க. "கத்துக்குவான்" என்றாங்க.

இதுதான் சித்தப்பா முழுக்கதை. இப்போது சொல்லுங்கள், கோபத்தில் பெண்டாட்டி புருஷனைப் பற்றிச் சொல்வது சாட்சியாகுமா? எந்தக் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்கள்? முன்னே ஒரு பொங்கலுக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தபோது, சித்தி கோபத்தில் சமையற்கட்டில் உட்கார்ந்து உங்களைப் பற்றி அம்மாவிடம் சொன்னதையெல்லாம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதை ரயில்வே நம்பியிருந்தால் உங்களை ஒரு சிக்னல் கம்பத்துக்குக் கிட்டேகூட விட்டிருக்காது. விட்டிருக்கிறார்களே! நீங்களும் ஒழுங்காகத்தானே வேலை பார்க்கிறீர்கள்?

அதனால் நான் ஒவ்வொன்றாக உங்களுக்குச் சொல்கிறேன். கடன் வாங்காத கம்பெனி எது? ஓடாத மிஷின் ஒருநாள் ஓடும். இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்றால் மனசு பெரிசு என்று அர்த்தம். குறட்டை ஷேர்ஹோல்டருக்குக் கேட்காது. வரிசையில் நின்று சாமி கும்பிடுகிற முதலாளியை நீங்கள் நாக்பூரில் பார்த்ததுண்டா? காதில் கத்தி பட்டாலும் கலங்காத மனுஷன், மார்க்கெட் இறங்கினால் கலங்குவாரா? நீங்கள் பாஸ்புக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள், அது வருஷத்துக்கு ஒரு தடவை கொட்டாவி விடும். நான் அப்படி உட்கார மாட்டேன். அது என் கல்யாணத்துக்கு வைத்த பணம், என் கல்யாணத்தைப் பற்றி எனக்கே அவசரமில்லை, உங்களுக்கு என்ன? விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலில் குறித்திருக்கிற இடத்தில் நீங்களும் போட்டு, மறு தபாலில் அனுப்பவும். அனுப்பாவிட்டால் நானே நாக்பூருக்கு ரயிலேறி வருவேன். வந்து உங்கள் வீட்டு வாசலில் உட்காருவேன். பேனா கொண்டு வருவேன். நீங்களாச்சு நானாச்சு.

சித்திக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு முத்தம். வல்லக்கோட்டை முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் இளகின மனசையும், குறிப்பாக வலதுகைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நல்ல அசைவையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அடங்காத அண்ணன் மகள்,
லீலா

பி.கு.: சித்தப்பா, கையெழுத்துப் போட வேண்டாம்.

இதை எழுதிக் கவரில் போட்டு, திங்கட்கிழமை தபாலாபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் அந்த அம்பாசடர் வந்தது. மாமா மறுபடியும் கிணற்றடிக்குப் போய்விட்டார். ஆனால் சுந்தராம்பாள் அம்மா இந்தத் தடவை மல்லிப்பூவோடு வந்திருந்தாங்க. "ஒரு ஷேரு வாங்கறதுக்கு இவ்ளோ கொடச்சல் குடுத்த பொண்ண நான் பாத்ததே இல்ல. எங்ககிட்ட சரக்கு வாங்கறவன், எங்களுக்கு சரக்கு போடறவன் எல்லாரையும் விசாரிக்க எனக்கு ஒரு ஆளு வேணும். வர்றியா?" என்று கேட்டாங்க. அம்மா யோசிப்பதற்குள் நான் காரில் ஏறிவிட்டேன். இன்று வியாழன். ஆபீசில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே நம் நிலம்.

அந்த ரெண்டு மிஷின் மேல் துணி உலர்த்தியிருக்கிறார்கள். பாங்க் மூன்றில்லை, நாலு. அந்தம்மாவுக்கே நாலாவது தெரியாது, நான் வந்துதான் சொன்னேன். தம்பி நேற்று ஒரு லோடு இரும்பு வாங்கினான், அதன் மேல் காந்தம் ஒட்டவில்லை. எம்.டி. ரொம்ப நல்லவர். அவர் ரூமுக்குள் போன யாரும் வெறுங்கையோடு வெளியே வரவில்லை என்பதை மூன்று நாளாகக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நானே உள்ளே போய் எதுக்கும் இருக்கட்டும் என்று சம்பளம் உயர்த்திக் கேட்டேன், சரி என்றார். வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நீங்கள் நாக்பூரில் உட்கார்ந்து ஒரு போஸ்ட் கார்டைப் படித்துவிட்டு வேண்டாம் என்றீர்கள். நான் கம்பெனிக்குள்ளேயே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறேன். ரெண்டும் ஒன்றில்லை. விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அந்தப் பணத்தை அப்படியே வையுங்கள். சுந்தராம்பாள் அம்மா இன்று காலையில் தம்பியை வாட்ச்மேன் வேலைக்கு மாற்றி, நாலு பாங்குக்கும் தானே போய் வந்து, மிஷினுக்கு ஆள் கொண்டுவரக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டாங்க. எம்.டி. சரி என்றார். ஷேர் விண்ணப்பத்தில் எம்.டி. என்று அந்தம்மா பேர் வருகிற அன்றைக்கு நானே தந்தி கொடுக்கிறேன், அன்றைக்கு மட்டும் கையெழுத்தோடு தயாராக இருங்கள்.

கடைசியாக ஒன்று. அங்கே ரயில்வேயில் வேலை பார்க்கிற யாரோ ஒரு பையனை எனக்குப் பார்த்திருப்பதாக இன்லண்ட் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தீர்கள். தங்கமான பையன் என்று அவன் அக்கா சொன்னாளாம். அந்த அக்காவை நன்றாகக் கோபப்படுத்திவிட்டு, மறுபடியும் ஒருமுறை கேட்டு எழுதவும்.